யானை பார்க்காத நிறம்

தேத்தண்ணியை எப்போதும் நின்றுகொண்டே குடித்து முடிக்கும் என் அன்பு அப்பாவுக்கு,

வீட்டுக்குப் புதுக் கதவு போட்டாயிற்று. நல்ல வைரமான முதிரைப் பலகை. செங்கலடியில் செய்வித்து, உங்கள் மருமகன் உழவு மெசின் பெட்டியில் பழைய மெத்தையை விரித்து, அதன்மேல் கிடத்திக் கொண்டுவந்தார். நிலை புதிது. நிலையைச் சுற்றி எழுப்பிய சுவரும் புதிது. பழைய சுவரோடு அது சேருகிற இடம் மட்டும் ஒரு கோடாகத் தெரிகிறது. எத்தனை முறை பூசினாலும் தெரிகிறது.

நேற்று அந்தக் கதவுக்கு நிறம் அடித்தோம். என்ன நிறம் என்று பிறகு சொல்கிறேன். ஒரு கதவுக்கு நிறம் தேட இத்தனை மாதமா என்று கேட்பீர்கள். பொறுமை என்பது உங்களிடம் என்றைக்கும் இருந்ததில்லை. ஆனால் இந்தமுறை கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள், அப்பா. இதை ஊரும் வாசிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். அம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

பழைய கதவின் மஞ்சளை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். என் கலியாணத்துக்கு வீட்டை எனக்கு எழுதித் தந்தபோது, கதவுக்கு நிறம் பார்க்க நீங்களும் அம்மாவும் செங்கலடிக்குப் போனீர்கள். உங்களுக்குக் கபில நிறம்தான் வேண்டும். அழுக்குத் தெரியாது என்றீர்கள். அம்மா மஞ்சளைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. கலியாண வீடு தூரத்தில் வரும்போதே தெரிய வேண்டும் என்றா. தகரத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "இது வீடா, கேசரித் தட்டா?" என்று கேட்டீர்கள். பிறகு நீங்களே குந்தி இருந்து அடித்தீர்கள். அடித்து முடித்த மறுநாள் ரோட்டால் போனவர்களை எல்லாம் மறித்து, "கதவப் பாத்தீங்களா, என்ட தெரிவு" என்று சொன்னீர்கள். அம்மா குசினிக்குள் நின்று சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது.

நீங்கள் எங்களை விட்டுப் போன அன்றைக்கு நான் இங்கே இல்லை. உங்கள் மருமகனுடைய தாய்க்குச் சுகமில்லை என்று செங்கலடியில் நின்றேன். விடியும் நேரம் பக்கத்து வளவுக்காரர் போன் எடுத்தார். "யானை வந்திட்டுது புள்ள. உடன வாங்க" என்றார். அப்பாவுக்கு என்ன என்று கேட்டேன். "வாங்க புள்ள" என்று மட்டும் திரும்பவும் சொன்னார். அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

நாங்கள் வந்தபோது உங்களைப் பாயில் கிடத்தியிருந்தார்கள். கதவு நிலையோடு சேர்ந்து உள்ளே விழுந்து கிடந்தது. அதைத் தூக்க நான்கு பேர் வேண்டியிருந்ததாம். முன்னறையில் அடுக்கியிருந்த நெல் மூட்டைகளில் இரண்டை யானை முற்றத்துக்கு இழுத்து உதறியிருந்தது. நீங்கள் விழுந்த இடத்தைச் சுற்றியும் நெல். உங்கள் தலைமயிருக்குள்ளும் நெல். நான்தான் ஒவ்வொன்றாக எடுத்தேன். வேறு யாரையும் எடுக்க விடவில்லை.

அம்மா அழவில்லை. கிணற்றடியில் ஒரு கல்லில் இருந்தா. யார் என்ன கேட்டாலும் ஒரே பதில்தான்: "குசினியால ஓடச் சொன்னார். ஓடினன்." 

செத்த வீட்டன்று உங்கள் தங்கச்சி அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தா. ஒரு இடத்தில் நிறுத்தி, "மச்சாள், இந்த மஞ்சள் கதவால வந்த வினையோ தெரியாது. பழம் எண்டு நினைச்சு வந்திருக்கும்" என்றா. அவ கெட்ட மனதோடு சொல்லவில்லை, அப்பா. கூடப் பிறந்தவரைப் பறிகொடுத்த நேரம். எதையாவது பிடித்துத் திட்ட வேண்டும்போல் இருந்திருக்கும். காட்டில் போய் மறைந்த யானையை எங்கே தேடித் திட்டுவது?

ஆட்கள் சுடுகாட்டுக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் அந்தச் சொல் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அடுத்த கிழமை, ரோட்டுக் கரையில் இருந்த கடைக்காரர் தன் மஞ்சள் படலைக்குச் சாம்பல் நிறம் அடித்தார். பிறகு வாசிகசாலைக்குப் பக்கத்து வீட்டில் யன்னல்களை மாற்றினார்கள். குளக்கட்டுப் பக்கம் ஒருவர் மஞ்சள் தண்ணீர்த் தாங்கியைச் சாக்கால் மூடினார். தங்கள் பிள்ளைகுட்டிகளைக் காப்பாற்றத்தான் செய்தார்கள். ஆனால் ஒவ்வொரு மஞ்சளும் அழியும்போது அம்மா வாசலில் நின்று பார்த்தா. ஊரே கூடி, ஆமாம், நீதான் என்று அவவுக்குச் சொல்வதுபோல் இருந்திருக்கும்.

உடைந்த கதவின் பலகைகளைக் கிணற்றடியில் சாத்தி வைத்திருந்தோம். ஒருநாள் பின்னேரம் பார்க்கிறேன், அம்மா தேங்காய் வெட்டுகிற கத்தியால் அந்தப் பலகையைச் சுரண்டிக்கொண்டு இருக்கிறா. மடி முழுக்க மஞ்சள் செதில். விரல் நுனி வெட்டுப்பட்டு இரத்தம். "என்னம்மா செய்றீங்க?" என்று கையைப் பிடித்தேன். "அடுப்பில வைக்கிறதெண்டாலும் இந்த நிறத்தோட வைக்க ஏலாது" என்றா. அதற்குப் பிறகு கறிக்கு மஞ்சள் போடுவதையும் விட்டுவிட்டா. இதை நான் உங்கள் மருமகனிடம்கூடச் சொல்லவில்லை. சாப்பிடும்போது அவர் ஒன்றும் கேட்கவும் இல்லை.

கொஞ்சக் காலம் செங்கலடியில் எல்லாரும் ஒன்றாக இருந்தோம். அம்மாவுக்கு அங்கே நித்திரை இல்லை. ஒருநாள் யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறி இங்கே வந்துவிட்டா. கதவு விழுந்த வாசலைத் தகரத்தால் அடைத்திருந்தோம் அல்லவா, பின்பக்கத்தால் புகுந்து குசினியில் படுத்திருந்தா. அவவைத் தனியே விட முடியாது. நாங்களும் வந்தோம். உங்கள் மருமகனுக்கு இஷ்டமில்லை. "மாமியையும் கூட்டிக்கொண்டு செங்கலடியிலயே இருப்பம். இது இனி இருக்கிற இடமில்ல" என்றார். அவர் சொல்வதும் சரிதான். ஆனால் வட்டையில் உள்ள வயலை யார் பார்ப்பது? இந்த வீடு என் பெயரில் இருக்கிறது. நீங்கள் செத்த வீட்டை விட்டு நான் எப்படிப் போவேன்? அதே கேள்வியை மற்றப் பக்கமும் கேட்கலாம்: நீங்கள் செத்த வீட்டில் நான் எப்படி இருப்பேன்? 

வாற மாசியில் உங்கள் ஆண்டுத் திவசம். அதற்குள் வாசலை ஒழுங்குபடுத்த வேண்டும் என்றுதான் கதவு செய்வித்தோம். வெறும் பலகையாக மழையில் விட முடியாது. நிறம் பார்க்க அம்மாவையும் கூட்டிக்கொண்டு செங்கலடிக் கடைக்குப் போனேன். முன்பு நீங்கள் போன கடை இல்லை. அதை அம்மா பார்க்கவே இல்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டா. இது ஏறாவூர்க்காரர் ஒருவருடைய கடை. நல்ல மனிதர். நிறங்கள் உள்ள அட்டையை விரித்து, முதலில் அம்மாவுக்குக் கதிரை போட்டார்.

அம்மா அட்டையைத் தொடவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டா: "யானை பாக்காத நிறம் ஒண்டு இருக்கா தம்பி?"

கடையில் வேறு இரண்டு மூன்று பேர் நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. கடைக்காரர் அட்டையை மெதுவாக மூடினார். "அப்படி ஒண்டு வந்திருந்தா எங்கட மச்சான்ட வளவு முழுக்க அடிச்சிருப்பன் உம்மா" என்றார். "போன மாரியில அவருக்கு ஒரு தென்னையும் மிஞ்சல்ல."

அம்மா கதிரையில் இருந்து எழும்பினா. பிறகு, "அப்ப கறுப்புத் தாங்க. இருட்டுக்குள்ள தெரியாது" என்றா. நான் வேண்டாம் என்றேன். கடைக்குள் வைத்தே எனக்கும் அவவுக்கும் வாக்குவாதம். கறுப்புக் கதவு வைத்த வீட்டுக்குத் திவசத்துக்கு யார் வருவார்கள் என்று கேட்டேன். "ஆரும் வரத் தேவையில்ல" என்றா. ஒன்றும் வாங்காமல் திரும்பினோம். பஸ்ஸில் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அடுத்த கிழமை யானை வேலி பார்க்கிற உத்தியோகத்தர் ஒருவர் இந்தப் பக்கம் வந்தார். நானாகவே கூப்பிட்டுக் கேட்டேன். மஞ்சள் நிறத்தைப் பார்த்து யானை வருமா?

"கண்ணால தேடி வாற மிருகம் இல்ல தங்கச்சி, மூக்கால தேடி வாற மிருகம்" என்றார். "நெல் உள்ளுக்க இருந்ததா?"

இருந்தது என்றேன்.

"அப்ப நீங்க என்ன நிறம் அடிச்சிருந்தாலும் வந்திருக்கும்."

எனக்கு ஓடிப்போய் அம்மாவிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஓடித்தான் போனேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டு இருந்தா. மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன்: நிறம் இல்லையாம் அம்மா, மணம்தானாம், நெல்லுக்குத்தான் வந்ததாம், மஞ்சளுக்கு இல்லையாம்.

அம்மா சுளகைக் கீழே வைத்தா. "நெல்ல உள்ளுக்க வைச்சது ஆரு?" என்று கேட்டா.

 நீங்கள்தான் வைத்தீர்கள். அதற்கு முந்தின வருடம் வெளிக்கொட்டிலை யானை பிரித்துப் போட்டதால், "இனி நெல்லு என்ட கண்ணுக்கு முன்னாலதான் இருக்க வேணும்" என்று சொல்லி, ஒவ்வொரு மூட்டையாக நீங்கள்தான் சுமந்து முன்னறையில் அடுக்கினீர்கள்.

"மனிசன் தானே தன்னச் சாகக் குடுத்ததெண்டு சொல்ல வாறியா?" அம்மாவின் குரல் உயரவில்லை. "அந்தப் பழிய அவருக்கு மேல போட வேணாம் மனே. அது என்னோட கிடக்கட்டும்."

அப்பா, அம்மாவின் தோளில் இருந்து அதை இறக்க வேண்டுமென்றால் உங்கள் தோளில்தான் வைக்க வேண்டியிருக்கிறது. வேறு இடம் இல்லை. இதோ எழுதிவிட்டேன்: நெல்லை உள்ளே வைத்தது நீங்கள். ஆனால் அது ஒரு குற்றமா? ஒரு போகம் முழுக்கப் பாடுபட்ட நெல்லை ஒரு மனிதன் வேறு எங்கே வைப்பான்? அந்த உத்தியோகத்தரிடம் இதைக் கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

பல நாட்கள் கதவைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. நிலையில் மாட்டியிருந்த பலகை மழைச் சாரலில் நனைந்தது. உங்கள் மருமகன் ஒரு பொலித்தீன் எடுத்து மூடினார்.

பிறகு ஒருநாள் காலை அவர் வேலைக்குப் போனபின், அம்மா முன்னறைக்கு வந்தா. நீங்கள் போனதற்குப் பிறகு அவ அந்த அறைக்குள் கால் வைக்கவில்லை. குசினியால்தான் போவதும் வருவதும். நான் தும்புத்தடியால் நிலம் கூட்டிக்கொண்டு இருந்தேன். "கதவச் சாத்தி அந்தத் திறாங்கப் போடு" என்றா. சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன். அம்மா கிட்ட வந்து, கதவின் உட்பக்கப் பலகையில் உள்ளங்கையை வைத்தா. அப்படியே நின்றுகொண்டு சொன்னா.

"முதல் சுவர்ல முட்டின சத்தம் கேட்டிச்சு. அவர் எழும்பி வந்தார். குசினியால ஓடு எண்டார். ஓடினன். குசினிப் படியில இந்த முழங்கால் மடங்கிப் போச்சு புள்ள. விழுந்திட்டன். எழும்ப ஏலல்ல. திரும்பிப் பாத்தன். அவர் பின்னால வந்துகொண்டுதான் இருந்தவர். நான் விழுந்ததக் கண்டிட்டு நிண்டார். வந்து தூக்குவார் எண்டு நினைச்சன்."

அம்மா கையை எடுக்கவில்லை.

"வரல்ல. திரும்பிப் போய்க் கதவில முதுகக் குடுத்துக்கொண்டு நிண்டார். 'மெல்லப் போ' எண்டார். ஓடு எண்டு சொல்லல்ல. 'மெல்லப் போ, அவசரப்படாத' எண்டார். நான் தவண்டு தவண்டு வெளியில போனன். கிணத்தடிக்குப் போகேக்க கதவு விழுந்த சத்தம் கேட்டிச்சு."

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. நான் தும்புத்தடியைப் பிடித்தபடி நின்றேன்.

"அவர் மட்டும் எண்டா என்னத் தாண்டிக்கொண்டு ரெண்டு எட்டில வெளியில போயிருப்பார்" என்றா அம்மா.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. உங்கள் தங்கச்சி சொன்னதை அம்மா ஏன் அவ்வளவு இறுக்கிப் பிடித்துக்கொண்டா என்று விளங்கியது. தன் காலைப் பற்றி நினைப்பதைவிடக் கதவின் நிறத்தைப் பற்றி நினைப்பது அவவுக்குத் தாங்கக்கூடியதாக இருந்திருக்கிறது. நிறத்தைச் சுரண்டலாம். காலை என்ன செய்வது?

"ஏன் அம்மா இவ்வளவு நாளும் சொல்லல்ல?" என்று கேட்டேன்.

"சொன்னா நீ என்னப் பாக்கிற பார்வை மாறிப் போயிடும்."

இல்லை என்றேன். மாறாது என்றேன். அப்பா, உங்களிடம் ஏன் பொய்? ஒரு கணம் மாறியது. என் கண் தானாகவே அம்மாவின் முழங்காலுக்குப் போனது. வீங்கிப் போய், எண்ணெய் தேய்த்துத் தேய்த்துக் கறுத்த முழங்கால். அம்மா அதைக் கண்டா. அவ கண்டதை நானும் கண்டேன். பிறகு நான் தும்புத்தடியைப் போட்டுவிட்டு அவவைப் பிடித்துக்கொண்டேன். இருவரும் நிலத்தில் இருந்துவிட்டோம். அன்றைக்குத்தான் அம்மா முதன்முதலாக அழுதா. பெரிய சத்தம். பக்கத்து வளவில் இருந்து எட்டிப் பார்த்தார்கள். நான் போகச் சொல்லிக் கை காட்டினேன்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். படியில் விழுந்த அம்மாவைக் கண்டு நின்றீர்களே, அந்த நேரத்தில் என்ன நினைத்தீர்கள்? தூக்கிக்கொண்டு போக முடியாது என்று கணக்குப் பார்த்தீர்களா? அல்லது நினைக்கவே இல்லையா? தேத்தண்ணி ஆறும்வரை பொறுக்காத மனிதர், கதவு ஆடிக்கொண்டிருக்கும்போது எப்படி "மெல்லப் போ" என்று சொன்னீர்கள்? அம்மா நிம்மதியாகத் தவழ்ந்து போகட்டும் என்றுதானே. இதை எண்ணினால் எனக்கு உங்கள் மேல் கோபம் வருகிறது. அழுகையும் வருகிறது. எது முதல் வருகிறது என்று தெரிவதில்லை.

அழுது முடித்து, முகம் கழுவி, அம்மா தேத்தண்ணி போட்டா. குடித்துக்கொண்டே, "இனி நிறம் என்னவாயிருந்தாலும் எனக்கு ஒண்டுதான். உன்ட வீடு. உனக்கு என்ன விருப்பம்?" என்று கேட்டா.

இத்தனை மாதத்தில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்கவில்லை. யோசித்துப் பார்த்தேன். பச்சை என்றேன். எனக்குப் பச்சை பிடிக்கும் என்பதைத் தவிர அதற்கு வேறு ஒரு காரணமும் இல்லை. ஊருக்கு என்ன தோன்றும், யானைக்கு என்ன தெரியும், ஒன்றையும் பார்க்கவில்லை.

"நல்ல கடும் பச்சை" என்றேன். "தூரத்துக்கும் தெரியும்."

"தெரிஞ்சா தெரியட்டும்" என்றா அம்மா.

நேற்று அடித்தோம். உங்கள் மருமகன் அடிக்கிறேன் என்று வந்தார், அம்மா விடவில்லை. வெளிப்பக்கம் நான் அடித்தேன். உட்பக்கம் தன்னுடையது என்று சொல்லி, அம்மா கதிரை போட்டு இருந்து அடித்தா. உங்கள் முதுகு எந்த உயரத்தில் இருந்திருக்கும் என்று அவவுக்குத் தெரியும். அந்த இடம் வந்ததும் கை மெதுவாகியது. நான் வெளியில் நின்று தூரிகை பலகையில் உரசுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருந்தேன். சத்தம் நின்றது. நெடுநேரம் நின்றது. கூப்பிடவில்லை. பிறகு திரும்பவும் தொடங்கியது.

உங்கள் தங்கச்சிக்குப் போன் எடுத்து எல்லாம் சொன்னேன்.  கடைசியில், "மச்சாள் வடிவாச் சாப்பிடுறாவா?" என்று கேட்டா. சாப்பிடுகிறா என்றேன். திவசத்துக்கு ஒரு கிழமை முந்தியே வந்து நிற்பதாகச் சொன்னா.

இனி ஊருக்கு: மஞ்சள் கதவு உள்ளவர்கள் அதை அப்படியே வைத்திருங்கள். வீட்டுக்குள் நெல் வைக்காதீர்கள். எங்கே வைப்பது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதிலைச் சொல்ல வேண்டியவர்கள் யாரோ, அவர்கள் சொல்லட்டும்.

அப்பா, வட்டையில் கதிர் முற்றிவிட்டது. போன கிழமை குளக்கட்டுப் பக்கம் யானை இன்னொரு வீட்டுச் சுவரை உடைத்திருக்கிறது. ஆட்களுக்கு ஒன்றும் இல்லை. வெட்டிய கையோடு நெல்லை வட்டையில் வைத்தே விற்றுவிடப் போகிறோம். சாப்பாட்டுக்கு வேண்டியதைச் செங்கலடியில் வைப்போம். ஆனாலும் அது வராது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. இந்தக் கதவு முதிரையாக இருந்தாலும், பச்சையாக இருந்தாலும், அதற்கு முன்னால் ஒரு தடுப்பே இல்லை என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு இரவும் தெரிந்துகொண்டுதான் படுக்கிறேன்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். திரும்பவும் அது வந்தால் இந்த வீட்டில் யாரும் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க மாட்டோம். அம்மாவின் கை என் கையில் இருக்கும். நாங்கள் மெல்லத்தான் போவோம். ஆனால் ஒன்றாகப் போவோம்.

உங்கள் பச்சைக் கதவு வீட்டில் இருந்து,
உங்கள் மகள்
சுகந்தி